நீலச் சம்பங்கிக்கு வைத்த தலைப்பு

செம்பட்டியைத் தாண்டி நிலக்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு வேலையை விட்டுவிட்டுப் போகும்போது கொஞ்ச தூரமாவது நடப்பது என் பழக்கம். நடந்தால் அந்த இடம் பின்னால் போவது தெரியும். பஸ்ஸில் போனால் அதுவும் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்கிற மாதிரி இருக்கும். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி. ஆபீஸில் கொடுத்திருந்த போனை மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். சொந்தமாக இருந்தது ஒரு பட்டன் போன். அதில் வீடியோ ஓடாது. அது அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

விட்டுவிட்டு வந்த வேலை, தலைப்பு வைக்கும் வேலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஆன்லைனில் செய்தி போடும் பக்கம் ஒன்றை ஒருவர் நடத்திவந்தார். முதலாளியும் அவர்தான், எடிட்டரும் அவர்தான். செய்தி பல இடங்களிலிருந்து வந்துவிடும். அதைத் திருப்பி எழுதி, மேலே தலைப்பு வைத்து, ஊரில் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் தள்ளிவிட வேண்டும். ஆள் உள்ளே வந்து படித்தால்தான் விளம்பரம் ஓடும், விளம்பரம் ஓடினால்தான் மாடிக்கு வாடகை.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். ஒரு நூல் மில்லில் இருமல் வரும்வரை இருந்தேன். அப்புறம் திண்டுக்கல்லுக்கு வந்து போஸ்டர் ஒட்டினேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. பசை காயும்வரை எதிரே நின்று பார்த்தால், ரோட்டில் போகிறவன் எந்த எழுத்தைப் படிக்கிறான், எங்கே கண்ணை எடுக்கிறான் என்பது தெரிந்துவிடும். போஸ்டர் வேலை குறைந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பேர் சொல்லி ஆள் கூப்பிட்டேன். அங்கேதான் எடிட்டர் என்னைப் பார்த்தார்.

"ஏலே அப்பு, நீ கூப்புட்டா போக வேண்டாத ஊருக்குக்கூட ஏறிருவாய்ங்க போலயே" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். "பேப்பர் படிப்பியா?" என்று கேட்டார். கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன் என்றேன். மறுநாள் மாடியில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி படுத்துக்கொள்ளவும் அந்த அறையையே கொடுத்தார். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு இது ஒரு தடை. வயிற்றுக்குப் போட்ட மனிதர்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவர் கற்றுக்கொடுத்தது எல்லாம் உபயோகமான சங்கதிதான். போனில் தலைப்பின் முதல் சில வார்த்தைதான் தெரியும், மீதியைப் போனே புள்ளி வைத்து விழுங்கிவிடும். அதனால் ஊர்ப் பேரை முதலில் வை. வத்தலக்குண்டு என்று ஆரம்பித்தால் வத்தலக்குண்டுக்காரன் விரல் தானாக நிற்கும். நீளமான வார்த்தையை உடை. ஒரு தலைப்பில் ஒரு சங்கதி. இதெல்லாம் போஸ்டர் ஒட்டியவனுக்குப் புதிதில்லை.

சண்டை வந்தது வேறு இடத்தில். ஒருநாள் குழாய் உடைந்து நகரத்தில் பாதிக்குத் தண்ணீர் வராது என்று செய்தி. நான் எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்று தலைப்பிலேயே போட்டுவிட்டேன். எல்லாக் குழுவிலும் அந்தத் தலைப்பு சுற்றியது. ஆனால் உள்ளே வந்து படித்த ஆள் குறைவு.

"தலைப்புலேயே அம்புட்டையும் கொட்டிட்டா அவன் எதுக்குலே உள்ள வாரான்?" என்று எடிட்டர் தலையில் கை வைத்தார். "பாதியச் சொல்லு. மீதிய வயித்துக்குள்ள வச்சுக்க."

"செத்தது யாருன்னு சொல்லாம கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சா எப்பிடிண்ணே இருக்கும்?"

"அடிச்சுப் பாரு. ஊரே போஸ்டர் முன்னாடி நிக்கும்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

எப்போதும் இரண்டு தலைப்பு வைப்போம். பாதிக் குழுக்களுக்கு ஒன்று, மீதிக் குழுக்களுக்கு இன்னொன்று. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம். எதற்கு ஆள் அதிகம் வந்திருக்கிறானோ அதுதான் நிற்கும், மற்றது அழிக்கப்படும். ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது. பெரும்பாலும் அவருடையதே ஜெயிக்கும். அவருடைய ஆயுதம் கேள்விக்குறி. அதற்கு அவர் வைத்திருந்த பேர் கொக்கி. "கொக்கியப் போட்டுட்டா எவனும் கேஸ் போட முடியாது. நாம சொல்லலயே, கேக்கத்தானே செய்யுறோம்" என்பார்.

அந்த மாடியில் சில மாதம் இருந்ததில் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எதைப் பார்த்தாலும், இதில் எந்தப் பாதியை மறைத்திருக்கிறான் என்று தோன்றும். ஓட்டலில் 'இன்று ஸ்பெஷல்' என்று எழுதியிருந்தால் நேற்று மிஞ்சியது என்று நினைப்பேன். யாராவது சிரித்துக்கொண்டே நலம் கேட்டால் காரியம் என்ன என்று காத்திருப்பேன். போஸ்டர் ஒட்டும்போது இந்தச் சந்தேகம் எனக்கு இருந்ததில்லை.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. ஒரு கொட்டகை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, வெள்ளை மொட்டுகளை அள்ளி, வாளியில் இருந்த நீலத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாக்கில் பரப்புகிறாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. பின்னணியில் பேய்ப்படத்துக்குப் போடுவது போல ஒரு இசை. நிலக்கோட்டைப் பக்கம் எடுத்தது என்று மட்டும் ஒரு வரி. அனுப்பியவன் யார் என்று தெரியவில்லை.

நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். "அண்ணே, மல்லி இம்புட்டு நீளமா இருக்காதே. சம்பங்கி மாதிரி தெரியுது. நீலப் பூவ நம்ம பக்கம் எந்தப் பொம்பள தலையில வச்சுப் பாத்திருக்கீங்க?"

"வெள்ளையா இருக்குல்ல, பூதான?"

"எதுக்கு முக்குதுன்னு தெரியலையே. அனுப்புனவனுக்கு அந்தம்மா மேல என்ன ஆத்திரமோ."

"அப்ப அதையே தலைப்பா வை" என்றார். வைத்தேன். 'நிலக்கோட்டை அருகே சம்பங்கிப் பூவுக்கு நீலச் சாயம்: எதற்கென்று தெரியவில்லை.' படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தெரியலைன்னு தலைப்பு வச்ச மொத ஆளு உலகத்துலயே நீதான்லே."

அவருடைய தலைப்பு: 'நிலக்கோட்டை: பெண்கள் தலையில் வைக்கும் பூவில் விஷச் சாயம்? அதிர வைக்கும் வீடியோ!' டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். பார்க்கவே வேண்டியதில்லை. என்னுடையதை அவர் அழித்தார்.

இரண்டு நாள் அது ஓடிய ஓட்டத்தைச் சொல்லி முடியாது. மூன்றாம் நாள் எடிட்டர், "அந்தப் பொம்பள போன எடுக்க மாட்டேங்குது. 'நீலப் பூ பெண் தலைமறைவா?'ன்னு அடுத்ததப் போடு" என்றார். அந்தப் பெண்ணின் ஊரையும் நம்பரையும் யாரோ குழுவில் போட்டிருந்தார்கள்.

"தலைமறைவுன்னு யாருண்ணே சொன்னா?"

"அதான் கொக்கி இருக்குல்ல."

ஆபீஸ் போனை மேசைமேல் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "எங்கிட்டுலே போற? சாப்ட்டுப் போ" என்று மாடியிலிருந்து சத்தம் போட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. திரும்பி வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

நான் அந்தப் பெண்ணின் ஊரை நோக்கி நடந்தது இரக்கத்தால் என்று சொன்னால் அது எடிட்டர் வைக்கிற தலைப்பு மாதிரி ஆகிவிடும். சந்தேகம்தான் நடக்கவைத்தது. வீடியோவை அனுப்பியவன் யார்? தொழில் போட்டியா, நிலத் தகராறா, கொழுந்தன் பொண்டாட்டியா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு வேலைக்குப் போக மனசில்லை.

ரோட்டோரம் பூத் தோட்டங்கள். மதிய வெயிலில் செடியில் ஒரு மொட்டுகூட இல்லை, காலையிலேயே பறித்திருப்பார்கள். டீக்கடையில் ஊரைச் சொல்லி வழி கேட்டதும், "வீடியோவா?" என்று என் கையைப் பார்த்தான் கடைக்காரன். அவன் வழி சொன்ன விதத்திலேயே, எனக்கு முன்னால் பலர் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு மாதா கெபி, குகை மாதிரி கல்லில் கட்டி உள்ளே மாதா சிலை வைத்தது. அதன் பக்கத்தில்தான் வீடியோவில் பார்த்த கொட்டகை. வாசலில் ஒரு பெரிய பூக்கூடை, ஈரச் சாக்கு போட்டு மூடியபடி அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். அவள் கையில் பூ நார்.

"யாருப்பா நீ? கைய வெளிய எடு. போன் வச்சிருக்கியா?"

"பட்டன் போன்தான்க்கா."

"காட்டு."

காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். "எங்கிருந்து வார?"

பொய் சொல்ல வாயில் நாலைந்து வந்தன. சொல்லவில்லை. "அந்தத் தலைப்பப் போட்ட ஆபீஸ்ல இருந்தேன். இன்னைக்கு விட்டுட்டேன்."

"விட்டுட்டியா, இல்ல விட்டமாதிரி சொல்லிட்டு உளவு பாக்க வந்தியா?"

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். போய்க் கெபி நிழலில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. கூடைச் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசினாள். பேச ஆள் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

தினமும் விடியுமுன் தோட்டங்களில் மல்லி வாங்கி, அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து கட்டி, கூடையை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வேனில் அனுப்புவாள். அங்கே தள்ளுவண்டி வைத்திருக்கும் ஒருவர் விற்றுக்கொடுப்பார். புருஷன் திருப்பூரில் ஏதோ ஒரு கம்பெனியில். இந்தக் கூடைதான் வீடு. வீடியோ வந்த மறுநாள் வேன் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. தள்ளுவண்டிக்காரர், "ஒங்க பூவ வச்சா மத்தவங்க பூவும் போக மாட்டேங்குது, கொஞ்ச நாள் அனுப்பாதீங்க தாயி" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூடக் கட்டும் பெண்கள் வேறு வீட்டுத் திண்ணையில் போய்க் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் இருந்தது, மனசு கேட்காமல் இன்றைக்கும் அனுப்பிப் பார்த்து, திரும்பி வந்த கூடை.

"அந்த நீலம் என்னக்கா?"

"மாதா சப்பரத்துக்கு." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாதாவுக்கு நீலந்தான. வருசா வருசம் திருவிழாவுக்குச் சம்பங்கிய முக்கி, சப்பரத்தச் சுத்திப் போடுற மால நாந்தான் கட்டுவேன். எங்க அம்மா கட்டுச்சு, இப்ப நான். அத எவளாச்சும் கொண்டையில வைப்பாளா? வச்சா பிசுபிசுன்னு சட்டையெல்லாம் நீலமாப் போயிரும்."

"அப்ப அந்த வீடியோவ ரகசியமா எடுத்தது யாரு? ஒங்களுக்கு யாரு மேல சந்தேகம்?"

அவள் சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. உள்ளே போய் அவளுடைய போனைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். அதே கொட்டகை, அதே வாளி. ஆனால் பேய் இசை இல்லை. பெண்கள் சிரிக்கும் சத்தம், யாரோ ஜெபப் பாட்டு முணுமுணுக்கும் சத்தம். கடைசியில் அவளே நிமிர்ந்து பார்த்து, "சாயங்காலம் மால கட்ட எல்லாரும் வந்துருங்க" என்கிறாள். கீழே ஒரு வரி: 'மாதாவுக்கு நீல மாலை தயாராகிறது.'

"நாந்தான் எடுக்கச் சொன்னேன். திருவிழா குரூப்புல நாந்தான் போட்டேன். எங்க சித்தி மக அவ மாமியாளுக்கு அனுப்புனா. அதுக்கு மேல எங்கிட்டுப் போச்சுன்னு மாதாவுக்குத்தான் தெரியும். யாரச் சந்தேகப்படச் சொல்ற?"

எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வழியெல்லாம் ஒரு எதிரியைச் செய்து வைத்திருந்தேன். எதிரியே இல்லை. அவள் ஒரு தலைப்பு வைத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். கை மாறிய வழியில் அது எங்கோ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் யாரோ ஒரு இசையை வைத்தான், எடிட்டர் ஒரு கொக்கியை வைத்தார்.

"எடிட்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"இப்பச் சொல்றேன், நீயும் கேளு" என்று, எடுக்காமல் விட்ட அழைப்புகளில் எடிட்டர் நம்பர் எது என்று என்னிடம் கேட்டு ஸ்பீக்கரில் போட்டாள். எடிட்டர் பொறுமையாகக் கேட்டார். அடடா என்றார். சப்பரத்தைப் பற்றி விசாரித்தார். பிறகு, "கவலப்படாதீங்கம்மா, நாளைக்கே மறுப்புப் போட்டுருவோம். தலைப்பு இப்பவே சொல்றேன். 'விஷப் பூ விவகாரம்: கண்ணீருடன் பெண் சொன்ன பகீர் தகவல்!' எப்பிடி? முன்னதவிட இது ஓடும்."

"நான் எங்கய்யா அழுதேன்?" என்று கேட்டாள்.

"வந்து எடுக்கும்போது..."

போனை வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் அடக்கவில்லை. "இவன்கிட்டயா இம்புட்டு நாளு சோறு தின்ன?" என்றாள்.

"நல்லாத்தான் போட்டாரு" என்று, பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த என்னை அவர் மாடிக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் கேட்டாள்: "பஸ் ஸ்டாண்டுல ஆள் கூப்புட்டேன்னு சொன்னில்ல? பூ விப்பியா?"

இதில் மறைத்திருக்கிற பாதி என்ன என்று யோசித்தேன். பழக்கதோஷம். அவளும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையோடு ஓடிவிடுவானா, அங்கே போய் இன்னொரு வீடியோ எடுப்பானா என்று. இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது தெளிவாக இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. "நானும் கூட வருவேன்" என்றாள். "வாங்க" என்றேன். அன்று கெபி முகப்பில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் அவள் வாங்கி வந்த புது மல்லியைக் கட்டி முடித்ததும், கிடைத்த முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு. கொடைக்கானல் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கூடையை இறக்கினோம். "மல்லி, மல்லி" என்று கூப்பிட்டேன். என் குரலுக்கு ஆள் திரும்பினார்கள். ஆனால் கூடைக்குப் பின்னால் நின்ற அவள் முகத்தைப் பார்த்ததும் கால் வேறு பக்கம் போனது. தள்ளுவண்டிக்காரர் தூரத்திலிருந்து, வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். "வீடியோவுல பாத்த அக்கா பூ! வாட்ஸ்அப்புல வந்த அக்கா பூ!"

ஒரு நிமிஷத்தில் கூட்டம். எடிட்டர் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். போன்கள் மேலே எழுந்தன. வாங்க ஒரு கை நீளவில்லை. அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். "கூட்டத்தக் கூட்டிட்டு என்னாடா சொல்லப் போற? சொல்லு!"

தலைப்பைக் கேட்டு உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியது என் பொறுப்பு. கூடையை மூடியிருந்த பழுப்புச் சாக்கை எடுத்தேன். என் பையில் இருந்த வெள்ளைச் சட்டையை வெளியே இழுத்து, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து, பூச்சரத்தின் மேல் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துத் தூக்கிக் காட்டினேன். "நீலம் மாதா சப்பரத்துக்குக் கட்டுன சம்பங்கி. இது மல்லி. தேச்சுப் பாத்து வாங்குங்க."

சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். என் சட்டையை நம்பவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து எச்சில் தொட்டு, அவளே ஒரு சரத்தை உருவித் தேய்த்தாள். நசுங்கிய மொட்டின் பச்சைக் கறைதான் ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "எந்த ஊரு மாதா?" என்றாள்.

அக்கா ஊரைச் சொன்னாள். "சப்பரம் வர்ற சனிக்கிழம. வந்து பாரு தாயி, அந்த நீலம் எங்க தொங்குதுன்னு."

"ஒரு முழம் குடுங்க."

அக்கா அளந்தாள். முழத்துக்குமேல் கொஞ்சம் விட்டுத்தான் அறுத்தாள். அந்தப் பெண் வாங்கினாள். தலையில் வைக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையைத் திறந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

போன் பிடித்திருந்தவர்களில் பாதிப் பேர் கலைந்துபோனார்கள். எடுத்ததை எங்கே அனுப்புவார்கள், அதன்மேல் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா சட்டையைப் பிழிந்து என்னிடம் கொடுத்தாள். "இன்னொரு தரம் சொல்லு. ஊர்ப் பேரையும் சேத்துச் சொல்லு."

சட்டையைக் கூடையின் மேல் விரித்துவிட்டு, அடுத்து வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன்.